இடது சீட்டில் என் மகள்

1. பிரேக் இல்லாத வண்டி

பிரமிளா டீச்சர் லைசன்ஸ் டெஸ்டில் முதல் தடவை எச் எடுத்தபோது கிரவுண்டில் ஒரு கம்பியும் நிமிர்ந்து நிற்கவில்லை. கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்த ரிப்பன், வண்டியின் முன்பக்கத்தில் பொன்னாடை மாதிரி போர்த்திக் கிடந்தது. டீச்சர் இறங்கினார், கதவைச் சாத்தினார், சேலையைச் சரிசெய்தார். இன்ஸ்பெக்டர் இருக்கிற திசையைக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"மாஸ்டரே, இந்த வண்டிக்குப் பிரேக் இல்ல."

"உண்டு டீச்சரே."

"நான் படிச்சப்போ உண்டாயிருந்தது. இண்ணைக்கு இல்ல."

டீச்சர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. மாஸ்டரின் சொந்த உபயோகத்துக்கு. டீச்சர் படித்த நாளெல்லாம், அவர் காலைத் தூக்குவதற்கு முன்பே நான் அமுக்கிவிடுவேன். வண்டி தானாக நிற்கும் என்று டீச்சர் நம்பிவிட்டார். எச் என்பது தனியாக ஓட்ட வேண்டியது. எச் எழுத்தின் வடிவில் கம்பி நட்ட பாதையில் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், பின்னால் வந்து, எதையும் முட்டாமல் வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் மாஸ்டர், கிரவுண்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே. என் கால் என்னோடுதான் இருந்தது.

என் பெயர் சத்தியநேசன். பாறசாலைப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, வயிற்றில் புண்ணும் தலையில் வழுக்கையும் சம்பாதித்தவன். படிக்க வருகிறவர்கள் நேசன் மாஸ்டர் என்பார்கள். ஃபெயில் ஆனவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. வண்டி ஓட்டத் தெரிந்தவன்தான் மாஸ்டர் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவன் வலது சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இடது சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்குத்தான் மாஸ்டர் என்று பெயர். அந்த வகையில் இந்தப் பக்கத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

பிரமிளா டீச்சருக்கு ஆரியங்கோட்டில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் கல்ஃபில். அவர் வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார் உறை போர்த்தி முற்றத்தில் கிடக்க, டீச்சர் வராத பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தார். எப்படியாவது பாஸ் ஆக வேண்டும் என்ற வெறி அவருக்கு. இரண்டாவது தடவைக்கு நான் வேறு வழி செய்தேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எங்கள் கிரவுண்டில் ஒரு பழக்கம் உண்டு. மாஸ்டர்மார் கயிற்றுக்கு வெளியே நின்று சைகை காட்டுவோம். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு பாஷை. எனக்குப் போட்டியாக ஸ்கூல் நடத்துகிற பென்னட் மாஸ்டர் இருமுவான். நான் தலையைச் சொறிந்தால் ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடிக்க வேண்டும், காதைத் தொட்டால் நேராக்க வேண்டும். இன்ஸ்பெக்டர்களுக்கும் இது தெரியும். பாறசாலை மாஸ்டர்களுக்குப் பேன் தொல்லை என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. என் தலையில் பேன் இருக்க இடமில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

டீச்சர் சைகையை நன்றாகப் படித்துக்கொண்டார். ஆனால் டெஸ்டின் நடுவே இன்ஸ்பெக்டர் குடையை விரித்துக்கொண்டு எனக்கும் டீச்சருக்கும் இடையில் வந்து நின்றுவிட்டார். சைகை கண்ணில் படாத டீச்சர், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, குடை நகரட்டும் என்று காத்திருந்தார். அந்தத் தடவையும் ஃபெயில்.

2. கேட் அடைத்திருந்த நேரம்

பிரமிளா டீச்சரை அங்கேயே நிறுத்திவிட்டுச் சில வருஷம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. காருக்குள் ஆட்கள் மனதைத் திறந்துவிடுவார்கள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்ப்பதால், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கஷ்டம் இல்லை. பாடகர் குழுவில் சண்டை போட்டுச் சபை மாறிய கதையை ஒருவர் செகண்ட் கியரில் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அழுத பிள்ளைகள் உண்டு. நான் எல்லாவற்றுக்கும் "கண்ணாடியப் பாரு" என்று மட்டும் சொல்வேன்.

என் மூத்த பிள்ளை ஜெமியும் காரில் வைத்துத்தான் சொன்னாள். அதுவரைக்கும் ஜெமியை நாங்கள் பையன் என்றே வளர்த்திருந்தோம். லேர்னர்ஸ் எடுத்த புதிது. ஜெமி ஓட்ட, நான் இடது சீட்டில். ரயில்வே கேட் அடைத்திருந்தது. முன்னால் ஒரு மரச்சீனிக் கிழங்கு லாரி, பின்னால் வரிசையாக வண்டிகள்.

"அப்பா, நான் பையன் இல்ல. சின்னதில இருந்தே எனக்குத் தெரியும். நான் பொண்ணாக்கும்."

அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். தோளில் கை வைத்திருக்கலாம். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"ஹேண்ட் பிரேக் இழு."

"இழுத்தாச்சு." ரயில் கடகடவென்று போனது. முடிகிற வரை பொறுத்துவிட்டு ஜெமி கேட்டாள், "நான் சொல்லியது கேட்டுதா?"

"கேட்டு."

"பின்ன?"

"பின்னால ஹாரன் அடிக்கியான் மக்கா. ஃபர்ஸ்ட்ல போடு."

வீட்டுக்கு வந்து, அடுக்களையில் மரச்சீனி வெட்டிக்கொண்டிருந்த ஷைலாவிடம் குரலைத் தாழ்த்தி, உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். ஷைலா என் மனைவி. ஸ்கூல் ஆபீஸைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஜெமி போன வருஷமே அவளிடம் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரும் சேர்ந்து அழுது முடித்தாயிற்றாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு காலமும் ஆலோசனை. மூன்று கண்ணாடியைப் பார்த்து ஓட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, வீட்டுக்குள் நடந்தது ஒரு கண்ணாடியிலும் தெரியவில்லை.

பிறகு காரக்கோணம் போகிற வழியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நான் கேள்விகளை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். மருந்து உண்டா, இது மாறுமா, யார் கண் பட்டது. டாக்டரம்மா ஜெமியிடம் கொஞ்ச நேரம் பேசினார். இது நோய் இல்லை, மாற்றுவதற்கு மருந்தும் வேண்டாம், பிள்ளை தெளிவாக இருக்கிறாள் என்றார். அப்புறம் ஜெமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். அது நீண்டது. அடுத்த தடவை ஜெமி வர வேண்டாம், நீங்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். நான் போனேன். பல தடவை போனேன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க அவருக்கும் ஒரு மாஸ்டரின் பொறுமை இருந்தது.

பெயரை மாற்ற வேண்டி வரவில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது. ஜெமி என்று போட்டது நான்தான். யோசிக்காமல் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தாள். எர்ணாகுளத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாள். டிரைவிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதியும் வாங்கினாள். அங்கே முடி வளர்ந்தது, சுடிதார் வந்தது, முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு தெளிச்சம் வந்தது. போன வருஷம் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கியது மகள்தான். பெங்களூரில் அவளுடைய தோழிகள் டாக்ஸி ஓட்டுகிறார்கள், வா வா என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் அவளுக்கு வீட்டில் இருக்க ஆசை. வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"இங்க என்ன மனுசியா நடமாட விட்டா இருக்கியேன். ஒளிஞ்சு இருக்கணும்னா பெங்களூருக்குப் போறேன் அப்பா. கோவம் ஒண்ணும் இல்ல."

கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

3. லேடி இன்ஸ்ட்ரக்டர்

இனி ஃபர்ஸ்ட் கியர் போட்டு டீச்சரிடம் வரலாம்.

எங்கள் ஸ்கூலில் இருந்த லேடி இன்ஸ்ட்ரக்டர் மார்த்தாண்டத்துக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். எங்கள் தொழிலில் பாதி வருமானம் பெண்களிடமிருந்து. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள், ஸ்கூட்டர் படிக்கிற அம்மாமார். அவர்களுக்குப் பெண் மாஸ்டர் இருந்தால் நிம்மதி. ஒருநாள் பிரமிளா டீச்சர் ஆபீஸுக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

"லேடி இன்ஸ்ட்ரக்டர் உண்டுன்னா சொல்லுங்க. இல்லேன்னா நான் பென்னட் மாஸ்டருக்கிட்ட போறேன்."

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஷைலாவின் குரல் வந்தது.

"உண்டு டீச்சரே. நாளைக்குக் காலத்த வாங்க."

டீச்சர் போன பிறகு, ஜெமியை அனுப்பலாமா என்று வீட்டுக்குள் ஒரு கூட்டம் நடந்தது. நான் நிறையச் சிக்கல்களை எடுத்து வைத்தேன். இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னேன். சீட் கவர் மாற்ற வேண்டியிருப்பதைச் சொன்னேன். வண்டியின் ஒரு டயர் பற்றியும் பேசியதாக ஞாபகம். கடைசியில் வேறு வழியில்லாமல், ஊர் என்ன சொல்லும் என்ற இடத்துக்கு வந்தேன்.

ஷைலா சொன்னாள், "இத்தன வருசமா நீங்க ஓட்டியதப் பாத்து ஊரு சொல்லாததயா இனி சொல்லப் போவுது?"

ஜெமி சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காகவே சம்மதித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், பென்னட்டிடம் ஒரு கேண்டிடேட்டை விட்டுக்கொடுக்க மனசில்லை என்பதும் அதில் பாதி.

மறுநாள் காலையில் டீச்சர் டிரைவர் சீட்டில், ஜெமி இடது சீட்டில், நான் பின்னால். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் ஜெமியை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"நீ நேசன் மாஸ்டருக்க மூத்த பையன் தானே? சின்னதில பாத்திருக்கியேன்."

ஜெமி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் பையன்னு நினைச்சாவ டீச்சரே. நான் பொண்ணு தான். கிளட்ச அமுத்துங்க."

டீச்சர் சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு கிளட்சை அமுக்கினார்.

"எதாயாலும் எனக்கொண்ணும் இல்ல. உனக்க அப்பன மாதிரி பிரேக்க மட்டும் சவிட்டாத."

ஜெமி பிரேக்கைத் தொடவே இல்லை. கால் இரண்டையும் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டாள். டீச்சர் ஒரு பால்காரரின் சைக்கிளை நோக்கிப் போனார், ஜெமி அசையவில்லை, டீச்சரே கடைசியில் அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. தான் நிறுத்தி ஒரு வண்டி நின்றதை டீச்சர் அன்றுதான் முதலில் பார்த்தார். ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

நான் பின்சீட்டில் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். ஜெமி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கால எடுங்க. மேட் கிழியுது."

4. ரப்பர்த் தோட்டத்து ரோடு

மறுநாளிலிருந்து என்னைப் பின்சீட்டிலும் ஏற்றவில்லை. ஆனால் ரூட் போடுவது என் அதிகாரம். ஆரியங்கோட்டுப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நல்ல ரோடு உண்டு. பால் வெட்டுகிறவர்களைத் தவிர ஆள் நடமாட்டம் கிடையாது. டீச்சருக்கு இதுதான் நல்லது, டிராஃபிக் பயம் இருக்காது என்று சொல்லி, விடியும் முன்பே அனுப்பி, வெயில் ஏறுவதற்குள் வண்டியை வீட்டில் சேர்த்துவிடும்படி ஏற்பாடு செய்தேன். வண்டியின் கண்ணாடிக்கு ஒரு கறுப்புத் திரையும் வாங்கி வைத்தேன். வெயிலுக்கு என்று சொன்னேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் வீடு திரும்புகிற வண்டிக்கு வெயில் திரை எதற்கு என்று கேட்கிற அளவுக்கு ஷைலாவுக்கு நேரம் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

இருந்தாலும் விஷயம் பரவியது. அதியன்னூரிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள், வீட்டில் சம்மதிக்கவில்லை என்று நின்றுவிட்டார்கள். ஷைலா அவர்களோடு மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டு, அன்று பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

ஒருநாள் டீக்கடையில் பென்னட் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டான். அவனும் நானும் ஒன்றாக லைசன்ஸ் எடுத்தவர்கள்.

"எலே நேசா, உனக்க ஸ்கூல்ல ஒரு லேடி இன்ஸ்ட்ரக்டர் உண்டுன்னு கேட்டேன். வெளிச்சத்தில காட்ட மாட்டியாமே. அவ்வளவு அழகா?"

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். அது என் பழக்கம். யாராவது கிண்டல் செய்தால் நானும் சேர்ந்து சிரித்துவிட்டால் கிண்டல் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம். என் வழுக்கையை, என் வண்டியை, என் ஃபெயில் கேஸ்களை வைத்து எவ்வளவோ சிரித்திருக்கிறோம்.

இது ஜெமியின் காதுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் டீக்கடையில் ஆற்றுகிற டீ ஆறுவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் அவள் வண்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, டீச்சருக்கு ரப்பர் மரத்துக்கு இடையில மட்டும் ஓட்டத் தெரிஞ்சா போதுமா?"

"டிராஃபிக் பயம் மாறட்டும் மக்கா."

"யாருக்க பயம்?"

நான் குழாயை வண்டிமேல் பிடித்திருந்தேன். தண்ணீர் கழுவிய இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கத்தான்," என்றேன். "யாராவது ஒண்ணு சொல்லி உனக்கு நோவுமேன்னு."

"சொல்லியவன் சொல்லட்டு. எர்ணாகுளத்தில இதவிட மோசமாட்டு கேட்டாச்சு. அது எனக்குத் தாங்கும். நீங்க கூட நிண்ணு சிரிக்காண்டாம். அது தாங்கல்ல."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் டீச்சரை நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கம், சந்தை கூடுகிற நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கறுப்புத் திரை வாசலில் கிடந்தது. நான் வீட்டு முற்றத்தில் அங்கும் இங்குமாக நடந்து, இருந்த கொஞ்சம் புல்லையும் சாகடித்தேன். வெயில் நன்றாக ஏறிய பிறகு வண்டி வந்து நின்றது. டீச்சர் முகம் சிவந்து, கையில் மீன் பொதியோடு இறங்கினார். லாரி ஒன்றை ஓவர்டேக் செய்ததாகச் சொன்னார். லாரி நின்றுகொண்டிருந்தது என்று ஜெமி திருத்தினாள். அதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது.

ஆனால் ராத்திரி சாப்பாட்டின்போது ஜெமி ஷைலாவிடம், டீச்சரின் டெஸ்ட் முடிந்ததும் பெங்களூருக்கு டிக்கெட் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னாள். ஷைலா அவளுக்கு இன்னும் கொஞ்சம் மீன்கறி விட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு விடவில்லை.

5. கயிற்றுக்கு வெளியே

டெஸ்டன்று காலை ஜெமி எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"நீங்க கிரவுண்டுக்கு வராண்டாம். வந்தா தலையச் சொறிவீங்க."

சரி என்றேன். அவர்கள் போனதும் பஸ் பிடித்தேன். டீ வண்டிக்குப் பின்னால், கிரவுண்ட் நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒளிந்துகொண்டேன். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று மாவில் முக்கிப் பொரித்த ஒரு பழம்பொரியும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எங்கள் கிரவுண்டில் மாஸ்டர்மார் எல்லோரும் ஒரு கூட்டமாக நிற்போம். போட்டி ஸ்கூலாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரே சாதி. அன்றும் பென்னட்டைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. ஜெமி அதில் இல்லை. தன் வண்டியோரமாகத் தனியாக நின்றாள். பச்சைச் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. அவளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வண்டி போகிற இடம் இருந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

டீச்சரின் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்ட்ரக்டர் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஜெமி முன்னால் போய் அட்டையைக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அந்த இடைவெளியில்தான் பென்னட் குரல் கொடுத்தான்.

"சாரே, அது ஆணா பெண்ணான்னு நேசனுக்கே இன்னும் முடிவாகல்ல."

சிரிப்பு கிளம்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. டீக்கடையில் என் வாயிலிருந்தும் வந்த அதே சிரிப்பு. வெளியிலிருந்து கேட்டால் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஜெமி திரும்பிப் பார்க்கவில்லை. அட்டைக்காக நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

நான் டீ வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். பழம்பொரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அது தூக்கிய கையிலேயே இருந்தது.

"முடிவாயாச்சு பென்னட்டே. எனக்க மகளாக்கும். எனக்க ஸ்கூலுக்க இன்ஸ்ட்ரக்டராக்கும். இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல."

வழக்கமாக இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் பின்னாலேயே ஒரு தமாஷையும் சேர்த்துவிடுவேன். கேட்டவர்களுக்கும் லேசாகும், எனக்கும் தப்பிக்க வழி கிடைக்கும். அன்று எதுவும் வரவில்லை. கூட்டத்தில் ஒருவன் செருமினான். இன்னொருவன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினான். பென்னட் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. நாங்கள் பழகிய காலத்தில் நான் சிரிக்காமல் நின்றதை அவன் பார்த்ததில்லை. அவனுக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் ஜெமியை மேடம் என்று கூப்பிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, வீட்டு விசேஷமெல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் கயிற்றுக்கு வெளியே போய் நின்று தின்னலாமே என்றார்.

ஜெமி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. உதட்டை மட்டும் அசைத்து ஒன்று சொன்னாள். ஏதோ அன்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கையைக் கீழே போடுங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள், பிறகு தெரிந்தது.

டீச்சர் வண்டியை எடுத்தார். நான் இந்தத் தொழிலில் பார்த்த அழகான எச்களில் அது ஒன்று. அவசரம் இல்லை, ஆட்டம் இல்லை. யாரையும் தேடாமல் கண்ணாடியைப் பார்த்து, கழுத்தைத் திருப்பி, தன் காலால் தானே நிறுத்தி, தானே எடுத்தார். கடைசி ரிவர்ஸ் வந்தது. அது முடிந்தால் பாஸ். உச்சந்தலையில் வேர்வை ஊறி இறங்கியது. கை, என்னைக் கேட்காமல், வேர்வையைத் துடைக்கப் போனது.

சரியாக அந்த நேரத்தில் டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்கு நான் தலையைச் சொறிகிறேன். பழைய மாணவி. நல்ல ஞாபகசக்தி. ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்தார். கடைசிக் கம்பி டிங் என்று விழுந்தது.

டீச்சர் இறங்கினார். என்னிடம் வருவார் என்று நான் பழம்பொரியோடு தயாராக நின்றேன். அவர் என்னை ஒரு கம்பியைத் தாண்டுவது போலத் தாண்டிப்போய் ஜெமியின் முன்னால் நின்றார்.

"ஏட்டி ஜெமி, உனக்க அப்பன யாராவது கிரவுண்டுக்குள்ள விடுவாவளா? வீட்டுல கெட்டிப் போட்டுட்டு வரத் தெரியாதா உனக்கு? என்னட்டி நீ படிப்பிக்கிய லட்சணம்?"

"நீங்க எதுக்கு டீச்சரே அவரப் பாத்தீங்க? பின்கண்ணாடிய மட்டும் பாருங்கன்னு நான் சொல்லேல்லியா?"

"அவரு பின்கண்ணாடியில தான் நிண்ணாரு."

"அப்ப கண்ண மூடியிருக்கணும்."

"கண்ண மூடிட்டு ஓட்டவா? இதுதானா உனக்க டீச்சிங்?"

நடுக்கிரவுண்டில் இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார்கள். அடுத்த கேண்டிடேட் வண்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்டர்மார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஸ்கூலிலும், எந்த டெஸ்ட் நாளிலும் நடக்கிற சண்டை அது. ஃபெயில் ஆனவர் தன் மாஸ்டரைத் திட்டுகிறார், மாஸ்டர் கேண்டிடேட்டைத் திட்டுகிறார். பென்னட்டுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை என் தலையைப் பார்த்துச் சிரித்தான். அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நானும் சிரித்தேன்.

புதிதாக வருகிற மாஸ்டர்மாருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று வரும். அது வரும்போது எங்கே ஒளிந்திருந்தாலும் வெளியே வந்து உரக்கச் சொல்லிவிட வேண்டும். தமாஷ் சேர்க்கக் கூடாது. சொல்லி முடித்ததும் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் பாதி எனக்கு ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. இரண்டாவது பாதிக்கு இன்னும் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

திரும்பும்போது ஜெமி ஓட்டினாள். டீச்சர் முன்சீட்டில். நான் பின்னால், உத்தரவுப்படி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அமரவிளை தாண்டும்போது அவள் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுத்தாள். பெங்களூர்த் தோழி. டிக்கெட் எடுத்தாயிற்றா என்று அந்தப் பக்கம் கேட்பது பின்சீட் வரைக்கும் கேட்டது.

"இப்ப வர முடியாதுட்டி," என்றாள் ஜெமி. "எனக்க ஸ்டூடன்ட் ஒருத்தி ஃபெயில் ஆயிட்டா. பாஸ் ஆக்கணும். அது கழிஞ்சாலா? அது கழிஞ்சா அடுத்த ஆளு வரும். இங்க எனக்கு வேலை உண்டு."

டீச்சர் மடியில் இருந்த பையை டேஷ்போர்டில் டம்மென்று தூக்கி வைத்தார்.

"அடுத்த ஆளு கெடக்கட்டு. முதல்ல என்னப் பாஸ் ஆக்குட்டி. நாளைக்குக் காலத்த நான் வாறேன்."